மசில் ரிலாக்ஸன்ட் கலந்த சொந்த ரத்தத்தை திரும்ப ஏத்துனா மூச்சு நின்னுடுமா?

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவுக்கு 61 வயசு, முதுகெலும்பு ஆபரேஷன், மயக்கம் குடுத்ததும் அவங்க ரத்தத்தையே ரெண்டு பை எடுத்து வச்சுட்டு கடைசியில திரும்ப ஏத்துவோம், போதாததுக்கு சிந்துற ரத்தத்தை உறிஞ்சி கழுவிக் குடுக்கிற மிஷினும் பக்கத்துல இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். தலைப்புல "இதெல்லாம் சேஃபா"ன்னு பொதுவா கேட்டிருந்தாலும் உங்களை தூங்க விடாம பண்றது அந்த கடைசி வரிதான்னு நினைக்கிறேன்: தசையை தளர்த்துற ஊசியை போட்ட பிறகுதானே ரத்தம் எடுக்கிறாங்க, அப்போ அந்த பையிலயும் மருந்து இருக்குமே, அதை முழிக்கிற நேரத்துல திரும்ப ஏத்துனா மறுபடி மூச்சு நின்னுடாதா? ரொம்ப நல்ல கேள்வி. பதினெட்டு வருஷமா மயக்க டாக்டரா இருக்கேன், இதை என்கிட்ட கேட்டவங்க இதுவரைக்கும் ரெண்டே பேர், அதுல ஒருத்தர் என்கிட்ட படிச்ச ஜூனியர்.

பதிலை முதல்ல சொல்லிடறேன். மருந்து அந்த பையில இருக்கும், நீங்க யோசிச்சது சரி. ஆனா அளவு ரொம்ப கம்மி, நல்லா முழிச்சு தெம்பா மூச்சு விட்டுட்டிருக்கிறவங்களுக்கு அந்த பை மட்டுமே மூச்சை நிறுத்தாது. சிக்கல் வர்றது வேற இடத்துல. முதல்ல போட்ட டோஸே உடம்புல இருந்து முழுசா இறங்காம இருக்கும்போது, அதை யாரும் அளந்து பார்க்காம தொண்டையில இருக்கிற டியூபை எடுத்துட்டு, அதுக்கு மேல இந்த பையையும் ஏத்துனா அப்போ அந்த கொஞ்சூண்டு மருந்துக்கும் மதிப்பு வந்துடும். அதனால பயப்படணும்னா பையைப் பார்த்து பயப்படாதீங்க, அளக்காம விடறதைப் பார்த்து பயப்படுங்க. உங்க அம்மாவோட ரிப்போர்ட் எதையும் நான் பார்க்கல, அவங்க இதயம் கிட்னி எப்படின்னும் நீங்க எழுதல, அதனால இது எல்லாமே பொதுவான பேச்சுதான், முடிவு அங்க இருக்கிற டாக்டரோடது.

இந்த மருந்து என்ன பண்ணுதுன்னு சொன்னாதான் மிச்சம் புரியும். நரம்போட நுனியில இருந்து அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனம் கிளம்பி தசையில இருக்கிற ரிசெப்டார்ல போய் உக்காந்தாதான் தசை சுருங்கும். மசில் ரிலாக்ஸன்ட் அந்த சீட்டுல முன்னாடியே துண்டு போட்டு இடம் பிடிச்சுக்கும், அவ்வளவுதான். மூளைக்கு அது போகவே போகாது, அதனால தூக்கமும் வராது, வலியும் குறையாது. 1942 ஜனவரி 23ல மான்ட்ரியல்ல ஹெரால்ட் கிரிஃபித்னு ஒரு டாக்டர் குராரேங்கிற அம்பு விஷத்தை அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்ல முதல் முதலா பயன்படுத்தினப்போ, இது மயக்கமும் குடுக்குமோன்னு சிலருக்கு சந்தேகம் இருந்துச்சு. அதை தீர்க்கிறதுக்கு 1947ல ஸ்காட் ஸ்மித்னு ஒரு அமெரிக்க டாக்டர் மயக்க மருந்தே இல்லாம, மூச்சு நிக்கத் தேவையானதை விட ரெண்டரை மடங்கு குராரே டோஸை தனக்கே போட்டுக்கிட்டார். மத்தவங்க அவருக்கு காத்து அடிச்சுட்டே இருந்தாங்க. அசைவு திரும்பின பிறகு நடந்தது எல்லாத்தையும் அப்படியே சொன்னார், கேட்டதையும் வலியையும் உட்பட. அன்னைக்கே முடிஞ்சது அந்த வாதம்.

இதை ஏன் சொல்றேன்னா, ரிலாக்ஸன்டோட முதல் ஆபத்து மூச்சு கூட இல்ல, மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கும். மயக்கம் லேசாகி நினைவு வந்துட்டா கூட ஒரு விரலை அசைச்சு சொல்ல முடியாதே, அதுதான் ஆபத்து. 2014ல இங்கிலாந்துலயும் அயர்லாந்துலயும் பெருசா ஒரு கணக்கெடுப்பு நடத்தினாங்க, ரிலாக்ஸன்ட் போட்டவங்கள்ல கிட்டத்தட்ட 8,000 பேருக்கு ஒருத்தர் ஆபரேஷன் நடுவுல முழிச்சிருந்ததா சொன்னாங்க, போடாதவங்கள்ல 1,36,000 பேருக்கு ஒருத்தர். வித்தியாசம் பெருசுதான், ஆனா ரெண்டுமே அபூர்வம்ங்கிறதையும் சேர்த்தே படிங்க. அப்புறம் ஏன் போடறோம்னா, இது இல்லாம தொண்டைக்குள்ள டியூப் வைக்கிறது கஷ்டம், குரல் நாண்ல அடிபடும், வயித்து ஆபரேஷன்னா சர்ஜனால உள்ள வேலையே பார்க்க முடியாது. அந்தக் காலத்துல இது இல்லாம ஈத்தரை மூச்சு திணற திணற குடுத்து ஆழமா மயக்கினாங்க, அதுல போன உயிருக்கும் கணக்கு இருக்கு.

உங்க அம்மா விஷயத்துல ஒரு நல்ல செய்தி, முதுகெலும்பு ஆபரேஷன்ல தண்டுவடம் சரியா வேலை செய்யுதான்னு மூளையில இருந்து கால் தசை வரைக்கும் சிக்னல் அனுப்பி பார்த்துக்கிட்டே ஆபரேஷன் பண்ற பழக்கம் இருக்கு, அப்படி பண்ணினா தசை அசையணும், அதனால டியூப் வைக்க ஒரே ஒரு டோஸோட நிறுத்திடுவாங்க. ஒரு டோஸ்தானே, அதுவே கரைஞ்சுடும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, இதை பத்தி கீழ வர்றேன்.

மருந்து வகையை பொறுத்து ஆபத்தும் மாறும். ஸ்கோலின்னு நாங்க சொல்ற சக்சினைல்கோலின் ஒரு நிமிஷத்துல வேலை செஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள போயிடும், அவசரத்துக்கு அதை மாதிரி இல்ல. ஆனா ரத்தத்துல பொட்டாசியத்தை அரை யூனிட் போல ஏத்தும். சாதாரண ஆளுக்கு அது பெருசில்ல. தீக்காயம் பட்டு ரெண்டு நாள் ஆனவங்க, தண்டுவடம் நசுங்கி கால் அசையாம இருக்கிறவங்க, ரொம்ப நாளா படுக்கையிலயே கிடக்கிறவங்க, பிறவியிலயே தசைநோய் இருக்கிற குழந்தைங்க, இவங்களுக்கு பொட்டாசியம் தாறுமாறா எகிறி இதயமே நின்னுடலாம். அதனால அம்மாவுக்கு சமீபத்துல கால் பலம் குறைஞ்சிருந்தாலோ நடக்காம படுத்தே இருந்தாலோ அதை மயக்க டாக்டர்கிட்ட கேக்காமலே சொல்லிடுங்க. குடும்பத்துல யாருக்காவது மயக்கத்துல உடம்பு கொதிச்சு காய்ச்சல் எகிறிடுச்சு, இல்ல சின்ன ஆபரேஷன் முடிஞ்சும் மணிக்கணக்கா மூச்சு வரலன்னு ஏதாவது கதை இருந்தா அதையும் சொல்லுங்க. "அதெல்லாம் எப்பவோ நடந்தது"ன்னு பெரியவங்க மறைச்சு வைப்பாங்க, அந்த பழைய கதைதான் எங்களுக்கு வேணும்.

ரோகுரோனியம், வெகுரோனியம், அட்ராகுரியம், சிஸ்அட்ராகுரியம் இதெல்லாம் இன்னொரு கூட்டம், நிதானமா வந்து அரை மணி முக்கால் மணி நிக்கும். முதல் ரெண்டையும் வெளிய தள்ளுறதுக்கு கல்லீரலும் கிட்னியும் வேணும், கடைசி ரெண்டும் ரத்தத்தோட சூட்டுலயும் கார அமிலத் தன்மையிலயுமே பெரும்பாலும் தானா உடைஞ்சுடும், அதனால கிட்னி சரியில்லாதவங்களுக்கு நாங்க அந்தப் பக்கம் சாய்வோம். அலர்ஜி எல்லாத்துலயும் வரலாம். 2018ல இங்கிலாந்துல பார்த்தப்போ மயக்கத்தோட சம்பந்தப்பட்ட பெரிய அலர்ஜி சுமார் 10,000ல ஒருத்தருக்கு வந்துச்சு, அதுல முதல் காரணம் ஆன்டிபயாட்டிக், ரெண்டாவதுதான் ரிலாக்ஸன்ட். இதுல ஒரு விசித்திரம் சொல்றேன். ஃபோல்கோடின்னு ஒரு இருமல் மருந்து, அதை முன்னாடி குடிச்சவங்களுக்கு பின்னாடி எப்பவோ ரிலாக்ஸன்ட் போடும்போது இந்த அலர்ஜி வர்ற வாய்ப்பு கூடுதுன்னு தெரிஞ்சு, 2022 கடைசியில ஐரோப்பாவுல அந்த மருந்தையே கடையில இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. இருமல் மருந்துக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் முடிச்சு இருக்கும்னு எவன் நினைச்சான்?

இப்போ மிச்சம் நிக்கிற மருந்து விஷயம், உங்க கேள்வியோட வேரே இதுதான். நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு பெரியவர், குடலிறக்கம் ஆபரேஷன், எல்லாம் சுமுகமா முடிஞ்சது. கண்ணைத் திறங்கன்னேன் திறந்தார், கையைப் பிடிங்கன்னேன் பிடிச்சார், தலையைத் தூக்கி அஞ்சு எண்ணுற வரைக்கும் வச்சிருந்தார், டியூபை எடுத்துட்டோம். ரெக்கவரி ரூம்ல போட்டு ஏழெட்டு நிமிஷம் இருக்கும், நர்ஸ் கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா கரையில போட்ட மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடுது, நெஞ்சு வெட்டி வெட்டி இழுக்குது, கண்ணு ரெண்டும் என்னையே பார்க்குது, பயத்துல விரிஞ்சு போய். முழுசா நினைவு இருக்கு, இழுக்கிறதுக்கு பலம்தான் இல்ல. மாஸ்க் வச்சு காத்து குடுத்து, ரிலாக்ஸன்டை முறிக்கிற ரிவர்ஸ் ஊசியை மறுபடி போட்டு இருபது நிமிஷத்துல சரியாயிட்டார். மறுநாள் பார்க்கப் போனப்போ "டாக்டர், தண்ணிக்குள்ள இருந்த மாதிரி இருந்துச்சு"ன்னார். அந்த வார்டுல அப்போ நரம்பைத் தூண்டி அளக்கிற மிஷின் ஒண்ணு கூட கிடையாது, இருந்திருந்தாலும் அந்த வயசுல நான் வச்சிருப்பேனான்னு தெரியல.

தலையைத் தூக்கினாரே, அப்புறம் எப்படின்னு கேப்பீங்க. அங்கதான் ஏமாந்து போறோம். மணிக்கட்டுல நரம்பை நாலு தடவை வரிசையா தட்டி கட்டைவிரல் எவ்வளவு துடிக்குதுன்னு பார்க்கிற முறைக்கு டிரெயின் ஆஃப் ஃபோர்னு பேர், 1970ல வந்தது. நாலாவது துடிப்பு முதல் துடிப்புல எத்தனை பங்கு இருக்குன்னு பார்க்கணும், 0.9 வந்தாதான் டியூபை எடுக்கலாம். 0.6 இருக்கிற ஆளு கூட தலையை அஞ்சு செகண்ட் தூக்கிடுவார். கையை வச்சுப் பார்த்தா 0.4 தாண்டினாலே நமக்கு நாலும் ஒரே மாதிரி தெரியும், எவ்வளவு பெரிய அனுபவசாலியா இருந்தாலும் சரி. அப்போ 0.4க்கும் 0.9க்கும் நடுவுல இருக்கிறவங்களை மிஷின் நம்பர் போட்டு காட்டினாதான் கண்டுபிடிக்க முடியும். அந்த நேரத்துல தொண்டை தசை சரியா வேலை செய்யாது, எச்சில் நுரையீரலுக்குள்ள போகும், ஆக்சிஜன் குறைஞ்சா மூச்சை வேகப்படுத்துற உணர்வும் மந்தமாகும்.

மேல சொன்ன ஒரே டோஸ் விஷயம்: 2003ல பிரான்ஸ்ல 526 பேரை பார்த்தாங்க, எல்லாருக்கும் டியூப் வைக்க ஒரே ஒரு டோஸ்தான், ரிவர்ஸ் மருந்து குடுக்கல. ரெக்கவரி ரூமுக்கு வந்தப்போ 45 சதவீதம் பேர் 0.9ஐ தொடல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆனவங்கள்ல கூட 37 சதவீதம். மணியைப் பார்த்து கணக்கு போடறது எவ்வளவு தப்புன்னு இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல. 2023ல அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியிலயும் நம்பர் காட்டுற மிஷினை கட்டைவிரல்ல வச்சு பாருங்கன்னுதான் இருக்கு.

சரி, பைக்கு வருவோம். மயக்கம் குடுத்து டியூப் வச்ச பிறகு, பெரிய ரத்தக் குழாய்ல இருந்து ஒண்ணு ரெண்டு பை எடுத்துட்டு அந்த இடத்துக்கு சலைன் ஏத்துவாங்க. ரத்தம் தண்ணியாயிடும், அதனால ஆபரேஷன்ல சிந்துறதும் தண்ணி ரத்தம்தான், கெட்டியான ரத்தம் பையில பத்திரமா இருக்கும், இதுதான் அதோட யோசனை. பையை அதே ரூம்ல, ஃபிரிட்ஜ்ல வைக்காம, பேர் எழுதி ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு வைப்பாங்க, அப்போதான் பிளேட்லெட் உயிரோட இருக்கும், எட்டு மணி நேரத்துக்குள்ள திரும்ப ஏத்திடணும். கணக்கு பார்க்கலாம். ரோகுரோனியம் 40 மில்லிகிராம் போட்டாங்கன்னு வைங்க. பத்து நிமிஷம் கழிச்சு பிளாஸ்மாவுல, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதியில, ஒரு மில்லிக்கு ரெண்டு மூணு மைக்ரோகிராம் இருக்கும், மிச்சம் எல்லாம் உடம்பு பூரா பரவியிருக்கும். ஒரு பையில பிளாஸ்மா 250 மில்லி. பெருக்கினா முக்கால் மில்லிகிராம் வருது. போட்டது 40, பையில முக்கால். ஊசி போட்ட சூட்டோட ரெண்டு மூணு நிமிஷத்துலயே ரத்தம் எடுத்தா கூடுதலா இருக்கும், ரெண்டு மில்லிகிராம் வரைக்கும் போகலாம்னு வச்சுக்குங்க. ஆபரேஷன் நடுவுல கூட்டிப் போடற சின்ன டோஸே ஆறுல இருந்து ஒன்பது மில்லிகிராம். இது நான் போட்ட தோராயமான கணக்கு, ஆனா பெருசா தப்பாது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. திரும்ப ஏத்தும்போது கடைசியா எடுத்த பையை முதல்லயும் முதல்ல எடுத்த பையை கடைசியிலயும் ஏத்துவோம், ஏன்னா முதல் பையிலதான் ரத்தம் கெட்டி, பிளேட்லெட்டும் ஜாஸ்தி, ரத்தக் கசிவு நின்ன பிறகு அது உள்ள போறது நல்லது. ஆனா ஊசி போட்ட உடனே எடுத்தது அந்த முதல் பைதானே? அப்போ மருந்து அதிகமா இருக்கிற பையே முழிக்கிற நேரத்துக்கு ரொம்ப கிட்டத்துல உள்ள போகுது. ரோகுரோனியமும் வெகுரோனியமும் பையில கரைஞ்சு போகாது, கல்லீரலும் கிட்னியும் பையில கிடையாதே. அட்ராகுரியம் வகை மட்டும் மெதுவா உடையும், ரூம் சூட்டுல அதுவும் இன்னும் மெதுவா. முக்கால் மில்லிகிராம் என்ன பண்ணிடும்னா, தசையோட ரிசெப்டார்ல எழுபது சதவீதத்துக்கு மேல அடைபட்டாதான் துடிப்புல குறையே தெரிய ஆரம்பிக்கும். அதனால மிஷின் 0.9 காட்டுற ஆளுக்கும் உள்ள பாதிக்கு மேல சீட்டு இன்னும் துண்டு போட்டுதான் கிடக்கலாம். விளிம்புல நிக்கிறவரை ஒரு விரலால தொட்டாலே சாய்வார், அந்த மாதிரிதான் இது. நல்லா உள்ள தள்ளி நிக்கிறவரை இந்த அளவு ஒண்ணும் பண்ணாது.

அதனால நான் பண்றது என்னன்னா, ரத்தம் எடுக்கிறதா இருந்தா ரிலாக்ஸன்ட் டோஸ் போட்டு கொஞ்ச நேரம் கழிச்சே எடுப்பேன், முடிஞ்சா முன்னாடியே. திரும்ப ஏத்துறதை காயம் தைக்கும்போதே முடிச்சுடுவேன், பை காலியான பிறகு அளந்து பார்த்து, அப்புறம் ரிவர்ஸ் பண்ணி, மறுபடி அளந்துதான் டியூபை எடுப்பேன். ஏதோ காரணத்தால ஒரு பை மிச்சமாகி ரெக்கவரி ரூம்ல ஏத்த வேண்டி வந்தா, ஒரு ஆளை பக்கத்துல உக்கார வச்சு மெதுவா ஏத்தச் சொல்வேன். ரிவர்ஸ் மருந்துலயும் வித்தியாசம் இருக்கு. சுகமடெக்ஸ்னு ஒண்ணு, 2008ல ஐரோப்பாவுல வந்தது, ரோகுரோனியம் வெகுரோனியம் ரெண்டையும் கிண்ணம் மாதிரி உள்ள வச்சு மூடிக்கும். ஒரு மில்லிகிராம் ரோகுரோனியத்துக்கு மூணரை மில்லிகிராம் சுகமடெக்ஸ் போதும், நாங்க போடறது நூறு மில்லிகிராமுக்கு மேல, அதனால பையில இருந்து வர்ற முக்கால் மில்லிகிராமையும் மிச்சம் இருக்கிறது பிடிச்சுக்கும். பழைய நியோஸ்டிக்மின் அப்படி இல்ல, மருந்தை அது தொடறதே இல்ல, அசிட்டைல்கோலினை கூட்டி சண்டை போட வைக்குது, அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, ஆழமா தளர்ந்து கிடக்கும்போது போட்டா பலன் இல்ல. சுகமடெக்ஸ் அட்ராகுரியத்துக்கு வேலை செய்யாது, கிட்னி ரொம்ப மோசமா இருந்தா யோசிக்கணும், அதுக்கும் அலர்ஜி வரலாம், கருத்தடை மாத்திரை எடுக்கிறவங்க ஒரு வாரம் வேற வழியையும் சேர்த்துக்கணும். இந்த கடைசி விஷயத்தை டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொல்ல மறந்துடறோம், நானும் மறந்திருக்கேன்.

பையில இருக்கிற மருந்தை விட நான் அதிகமா கவனிக்கிறது குளிரைத்தான். ரத்தம், சலைன்னு லிட்டர் கணக்குல சூடு பண்ணாம ஏத்துனா உடம்பு சில்லுனு ஆகும், ரெண்டு டிகிரி குறைஞ்சாலே வெகுரோனியம் நிக்கிற நேரம் ரெண்டு மடங்குக்கு மேல போயிடுது. பையில உறையாம இருக்கப் போடற சிட்ரேட் வேகமா உள்ள போனா கால்சியத்தைப் பிடிச்சுக்கும், அதுவும் தசையை இன்னும் தளர்த்தும். மெக்னீசியம், ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக், இதெல்லாம் கூட சேர்ந்தா இன்னும் இழுக்கும். ரத்தத்தை தண்ணியாக்கினாலே சில ரிலாக்ஸன்ட் கொஞ்சம் கூடுதல் நேரம் நிக்குதுன்னு சின்ன ஆய்வுகள் சொல்லுது, இதை நான் ஒரு குறிப்பா மட்டும் எடுத்துக்கிறேன், அளக்கிற பழக்கம் இருந்தா இந்த வித்தியாசம் எல்லாம் தானா தெரிஞ்சுடும்.

செல் சேவர்ங்கிற அந்த கழுவுற மிஷின்ல உங்க பயத்துக்கு இன்னும் கம்மியாதான் இடம். காயத்துல இருந்து உறிஞ்சும்போதே ஹெப்பாரின் சலைன் கலந்து தொட்டியில சேரும், அங்க இருந்து ஒரு கிண்ணத்துல போய் வேகமா சுத்தும், சிவப்பணு ஓரமா ஒதுங்கும், அதை லிட்டர் கணக்குல சலைன் விட்டு அலசி மிச்சத்தை எல்லாம் கழிவுப் பைக்கு தள்ளிடும். ரிலாக்ஸன்ட் தண்ணியில கரையுற மருந்து, பிளாஸ்மாவுலதான் இருக்கும், அதனால அலசுற தண்ணியோடவே பெரும்பாலும் போயிடும். ஆனா அதே அலசல்ல ரத்தம் உறையத் தேவையான புரதமும் பிளேட்லெட்டும் போயிடுது, திரும்ப வர்றது வெறும் சிவப்பணு. மிஷின்ல இருந்து நிறைய வந்தா "ரத்தம்தான் குடுத்தாச்சே, ஏன் இன்னும் கசியுது"ன்னு முழிக்கக் கூடாது, பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் தனியா தேவைப்படும். காயத்துல சீழ் இருந்தாலோ குடல் கழிவு கலந்தாலோ பொதுவா உறிஞ்ச மாட்டோம், புற்றுநோய்னா ஃபில்டர் போட்டு யோசிச்சு பண்ணுவோம். அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு, சாதா தண்ணி இதால காயத்தை கழுவும்போது அந்த உறிஞ்சியை தள்ளி வைக்கணும், இல்லன்னா சிவப்பணு உடைஞ்சு போகும். தியேட்டர்ல ரெண்டு உறிஞ்சியும் ஒரே மாதிரி தொங்கும், சர்ஜன் அவசரத்துல எதை எடுக்கிறார்னு பார்க்க ஒருத்தர் வேணும். இந்த மிஷின் பையை அமுக்கி வேகமா ஏத்தவும் கூடாது, உள்ள காத்து இருக்கும், அது ரத்தக் குழாய்க்குள்ள போனா உயிருக்கே ஆபத்து.

சொந்த ரத்தம்னா நூத்துக்கு நூறு சேஃப்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதையும் கொஞ்சம் தட்டி வைக்கணும். வேற ஆள் ரத்தத்தோட நோய்த்தொற்றும் குரூப் மாறுற பிரச்சனையும் இதுல குறைவு, சரி. ஆனா பை மாறிப் போறது, கிருமி சேர்றது, அளவுக்கு மேல ஏத்தி நுரையீரல்ல நீர் கோத்துக்கிறது எல்லாம் சொந்த ரத்தத்துலயும் நடக்கும். எய்ட்ஸ் பயம் உச்சத்துல இருந்த 1980கள்ல ஆபரேஷனுக்கு வாரக்கணக்குல முன்னாடியே போய் தன் ரத்தத்தை சேமிச்சு வைக்கிறது பெரிய ஃபேஷனா இருந்துச்சு. எடுத்த பைகள்ல நிறைய வீணாப் போச்சு, ஆளும் ரத்த சோகையோட ஆபரேஷனுக்கு வந்து நின்னாங்க. இப்போ அபூர்வ குரூப் இருக்கிறவங்க, ஆன்டிபாடியால ஒத்துப்போற ரத்தம் கிடைக்காதவங்க தவிர அதை யாரும் வழக்கமா சொல்றதில்ல. தியேட்டர்ல எடுத்து வைக்கிற முறைக்கும் பலத்த கேள்வி வந்திருக்கு, 2025ல இதய ஆபரேஷன்ல 2,000 பேருக்கு மேல சேர்த்து நடத்தின ஆய்வுல, அப்படி எடுத்தவங்கள்ல 27 சதவீதம் பேருக்கும் எடுக்காதவங்கள்ல 29 சதவீதம் பேருக்கும் வேற ரத்தம் தேவைப்பட்டுச்சு, அதாவது பெரிய வித்தியாசமே இல்ல. இதய ஆபரேஷன் வேற, முதுகெலும்பு வேற, அப்படியே தூக்கி இங்க வைக்க முடியாது. ஆனா என்கிட்ட கேட்டா உங்க அம்மாவுக்கு செல் சேவரும், ரத்தக் கசிவைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட்டும், அதை விட முக்கியமா இன்னும் நாள் இருந்தா ஹீமோகுளோபினை இப்பவே பார்த்து இரும்புச் சத்தை ஏத்துறதும்தான் முதல்ல வரும், ரெண்டு பை எடுக்கிறது அதுக்குப் பின்னாடிதான். ஏற்கனவே ஹீமோகுளோபின் கம்மியா இருந்தாலோ இதயத்துல அடைப்பு இருந்தாலோ ரத்தத்தை தண்ணியாக்கவே கூடாது, இதுல எனக்கு தயக்கமே இல்ல.

தயக்கம் இருக்கிற இடத்தையும் சொல்லணும். அளந்து பார்த்து ரிவர்ஸ் பண்ணினா நுரையீரல் பிரச்சனை குறையும்னு நாங்க எல்லாரும் நம்புறோம், ஆனா 2019ல ஐரோப்பாவுல 22,000 பேருக்கு மேல பார்த்த ஆய்வுல ரிலாக்ஸன்ட் போட்டவங்களுக்கு பிரச்சனை கூடுதலா இருந்துச்சு, அளந்தவங்களுக்கும் ரிவர்ஸ் பண்ணினவங்களுக்கும் கூட அது குறைஞ்ச மாதிரி தெரியல. அடுத்த வருஷமே அமெரிக்காவுல வந்த இன்னொரு பெரிய ஆய்வு, நியோஸ்டிக்மினை விட சுகமடெக்ஸ் குடுத்தவங்களுக்கு முப்பது சதவீதம் குறைவுன்னு சொல்லிச்சு. ரெண்டுமே வழக்கமா நடக்கிறதை கவனிச்சு எண்ணினது, குலுக்கிப் போட்டு பிரிச்ச ஆய்வு இல்ல, அதனால எதை வச்சும் அடிச்சுப் பேச மாட்டேன். மிச்சம் நிக்கிற மருந்து கெடுதல்ங்கிறதுல மட்டும் சந்தேகம் இல்ல, அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

நீங்க மயக்க டாக்டரை ஆபரேஷனுக்கு முன்னாடி பார்ப்பீங்க இல்ல, அப்போ "டியூபை எடுக்கிறதுக்கு முன்னாடி டிரெயின் ஆஃப் ஃபோர் நம்பர் பார்ப்பீங்களா சார், பை எல்லாம் அதுக்கு முன்னாடியே ஏத்தி முடிஞ்சுடுமா"ன்னு கேளுங்க. கோவப்பட மாட்டாங்க. என்கிட்ட யாராவது அப்படி கேட்டா நான் சேரை இழுத்துப் போட்டு உக்காந்து பேசுவேன்.

கடைசியா, இதெல்லாம் வேண்டாம்னு நானே என் ரத்தத்தை அம்மாவுக்கு குடுத்துடவான்னு கேட்டிருந்தீங்க. மனசு புரியுது, ஆனா நேரா வேண்டாம். பெத்தவங்க பிள்ளைங்கன்னு நெருங்கின ரத்த உறவுல திசு அமைப்பு ஒத்துப் போறதால, உங்க ரத்தத்துல இருக்கிற வெள்ளணுவை அவங்க உடம்பு அந்நியம்னு கண்டுக்காம விட்டுடலாம், அது உள்ள பெருகி அவங்க உடம்பையே தாக்குறது அபூர்வமா நடக்கும், நடந்தா காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். அதனால உறவுக்காரங்க ரத்தம்னா ரேடியேஷன் குடுத்த பிறகுதான் ஏத்துவாங்க. ரத்த வங்கிக்கு போய் பொதுவா தானம் பண்ணுங்க, அது வேற யாருக்கோ போகும், உங்க அம்மாவுக்கு வேணும்னா பரிசோதனை பண்ணின வேற ஆள் ரத்தம் அங்க இருந்தே வரும்.